மறு: ‘பயாஸ் பிளை’ டயருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய புல்லட்டில் நெடுந்தொலைவு போகிறவர்களுக்காக ராயபுரத்து நண்பர் டயர் மாற்றும் வழிகாட்டி ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார். டயருக்குள் நூல் ஓடும் திசையால் பிரியும் ‘பயாஸ் பிளை’, ‘ரேடியல்’ என்ற இரண்டு வகைக்கும் சொல் கேட்டிருந்தார். இதுவரை வந்தவை ‘குறுக்கிழை டயர்’, ‘ஆரை டயர்’. இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதைச் சற்று நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே சொல் தவறினால் படிக்கிறவர் பொருந்தாத டயரோடு வீடு திரும்புவார்.

முதலில் ஆரை. ரேடியஸ் என்பதை இலங்கைப் பாடநூல்கள் ஆரை என்கின்றன, நம்முடையவை ஆரம் என்கின்றன. ஆகவே ரேடியல் டயர் ஆரை டயர். கணக்குப் புத்தகத்தில் இது சரி. ஆனால் சக்கரத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே குடியிருப்பு உண்டு. ஆரம், ஆரக்கால் என்றால் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தையும் வெளிவளையமான வட்டையையும் இணைக்கும் கால். சங்கப் பாட்டில் உப்பு வணிகரின் வண்டிச் சக்கரத்தைச் சொல்லும் இடத்திலேயே ஆரம் வந்துவிட்டது. நம் தெரு மெக்கானிக் அதைப் போக்ஸ் கம்பி என்கிறார். ‘ஆரை டயர்’ என்று படிக்கும் புல்லட்காரர், ‘போக்ஸ் கம்பி போட்ட சக்கரத்துக்கான டயர்’ என்றுதான் எடுத்துக்கொள்வார். நடைமுறையோ தலைகீழ். கம்பிச் சக்கரத்தோடு வந்த பழைய வண்டிகளுக்குத் தொழிற்சாலையில் பூட்டி அனுப்பியது பெரும்பாலும் ரேடியல் அல்லாத வகைதான். விளக்க வந்த சொல்லே ஆளைத் திசைதிருப்பினால் அந்தச் சொல் எதற்கு?

குறுக்கிழை இன்னும் சிக்கல். பிரிட்டனில் ‘கிராஸ் பிளை’ என்பார்கள், அதை அப்படியே தூக்கிவந்திருக்கிறோம். டயரின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். டயருக்கு வலு கொடுப்பது ரப்பருக்குள் புதைந்திருக்கும் நூல் அடுக்குகள். பயாஸ் வகையில் அந்த நூல் ஓடும் திசைக்குச் சாய்வாகப் போகிறது; ஓர் அடுக்கு இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கு வலப்பக்கம் சாய்கிறது. ரேடியலில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு, ஓடும் திசைக்குச் செங்குத்தாகப் போகிறது. அதைத்தான் தமிழில் ‘குறுக்கே’ என்கிறோம். சாலையைக் குறுக்கே கடப்பது என்றால் கோணலாகக் கடப்பதல்ல. அப்படியானால் குறுக்கிழை என்ற பெயர் நியாயமாக ரேடியலுக்குத்தான் போக வேண்டும். ஆங்கிலத்தில் ‘கிராஸ்’ என்பது நூல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதைச் சொல்கிறது. நம் ‘குறுக்கு’ நூல் போகும் திசையைச் சொல்கிறது.

கடைக்காரர்களிடம் கேட்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்டால் அவர்கள் சொல்வது ‘நைலான் டயர்’. மாதவரம், மூலக்கடைப் பக்கம் லாரி டயர் விற்பவர்களிடம் உலகம் இரண்டே வகை: நைலான், ரேடியல். அந்த வழக்கு இரு சக்கர வண்டிக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழக்குச் சொல்லுக்கு நான் எதிரியல்ல. ஆனால் நைலான் என்பது நூலின் பொருள், நூலின் போக்கு அல்ல. ரேடியல் டயர்களின் உள்ளேயும் நைலான் அடுக்கு வைக்கிறார்கள். ‘இதில் நைலான் இருக்கிறதா?’ என்று கேட்டுத் தேர்ந்தெடுக்கிறவர் விடையால் ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டார்.

அதே கடை வாசலில் வேறொரு சொல் கிடக்கிறது. டயர் முழுதாகத் தேய்ந்துபோனால் பஞ்சர் ஒட்டுபவர் என்ன சொல்கிறார்? ‘நூல் தெரிகிறது, மாற்றிவிடுங்கள்.’ பிளை என்கிற அடுக்கு, கார்ட் என்கிற முறுக்கிழை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே சொல், நூல். அதை எடுத்துக்கொண்டு சாய்நூல் டயர் என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. ‘பயாஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் துணியைச் சாய்வாக வெட்டுவது என்ற பொருள் உண்டு. வண்ணாரப்பேட்டையில் ரவிக்கைக் கழுத்துக்குத் துண்டு வெட்டும் தையற்காரர் ‘கிராஸ் பீஸ்’ என்று சொல்வது இதைத்தான். கைக்குட்டையை நூல் போன போக்கில் இழுத்தால் நீளாது. மூலைக்கு மூலை இழுத்தால் நீளும். சாய்நூல் டயரும் சுமை ஏறும்போது அப்படித்தான் தன் நூல்களைக் கத்தரிபோல் அசைத்துக் கொடுக்கிறது. அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று உராய்வதால் சூடும் அதிகம்.

ரேடியலை ரேடியல் என்றே விட்டுவிடலாம் என்பேன். கடையிலும் அதுதான் பெயர். அளவுக் குறிப்பிலும் அதன் முதலெழுத்துத்தான் அடையாளம்: ‘110/80 ஆர் 19’ என்று நடுவில் ‘ஆர்’ எழுத்து இருந்தால் ரேடியல், ‘90/90-19’ என்று சிறு கோடு மட்டும் இருந்தால் சாய்நூல். (தமிழில் எழுதும்போது இந்த ‘ஆர்’ போய்ச் சக்கரத்தின் ஆர்க்காலோடு மோதுவது தனி வேடிக்கை.) இரண்டுக்கும் நடுவே, சாய்நூல் உடம்பின்மேல் சுற்றுப் பட்டை வைத்த ஒரு வகையும் உண்டு. பெல்ட்டுக்குக் ‘கச்சை’ என்றால் அதைக் ‘கச்சைச் சாய்நூல்’ என்று ஒட்டிவிடலாம். குறுக்கிழையை வைத்துக்கொண்டு இந்த மூன்றாவதற்குப் பெயர் கட்டிப் பாருங்கள், வராது.

தண்டையார்பேட்டையிலிருந்து

*

பெரம்பூரிலிருந்து மறுமொழி:

ஐயா, குறுக்கிழை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நூல் என்பதில் எனக்குத் தயக்கம். என் தந்தை பின்னி ஆலையில் 1996இல் அது மூடப்படும் வரை நெசவுப் பிரிவில் இருந்தார். எங்கள் வீட்டில் நூல் என்றால் மெல்லிய ஒற்றை இழை. டயரில் இருப்பது முறுக்கி முறுக்கி ஒன்றாக்கிய தடித்த இழை. கயிற்றில் அதற்குப் புரி என்று பெயர். காசிமேட்டில் வலைக்கயிறு பிரிக்கிறவர்களைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். ‘சாய்புரி டயர்’ என்பது துல்லியமாக இருக்கும்.

இன்னொன்று. டயருக்கு நெய்யும் துணியில் ஊடை, அதாவது குறுக்கு நூல், என்பது பெயருக்குத்தான். நெருக்கமான பாவு, அதாவது நெடுக்கு நூல், அது கலையாமல் இருக்க அங்கங்கே மெல்லிய ஊடை, அவ்வளவே. மணலியில் 1970களிலிருந்து டயர் நூல் தயாரிப்பு நடக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது குழுவில் இருந்தால் ‘சாய்பாவு’ என்பதையும் எண்ணிப்பார்க்கச் சொல்வேன். கடைசியாக, நூல் என்றால் புத்தகமும் கூட. ‘சாய்நூல்’ என்று தனியாக எழுதினால் ஒருபக்கச் சார்பான நூலோ என்று நூலகர்கள் கேட்பார்கள்.

*

எண்ணூரிலிருந்து:

பெரியவர்களே, புரியோ பாவோ, எதுவானாலும் சம்மதம். என்னிடம் இருப்பது வார்ப்பிரும்பு எஞ்சின் காலத்து 350 புல்லட். பின் டயர் நடுவில் மொட்டையாகிவிட்டது. அடுத்த மாதம் நெல்லூர் வழியாக வடக்கே போகிறேன். ரேடியல் போடலாமா, கூடாதா? அதைச் சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடருங்கள்.

*

தண்டையார்பேட்டையிலிருந்து:

பெரம்பூர் ஐயாவுக்கு முதலில். புரி அழகான சொல், துல்லியமும் அதற்குத்தான். டயரின் உள்ளமைப்பை விளக்கும் இடத்தில், கார்ட் என்பதற்குப் ‘புரி’ என்றே போடலாம். வகைப் பெயர் மட்டும் கடை வாசலில் நிற்கிறவர் வாயில் புரள வேண்டும். ‘நூல் தெரிகிறது’ என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும் வரை சாய்நூலுக்கு விளக்கம் தேவையில்லை. சாய்புரிக்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டும். பாவு நெய்கிறவர்களுக்கு மட்டுமே புரியும். நூலகர்களைப் பொறுத்தவரை, ‘டயர்’ என்ற சொல் பக்கத்தில் இருந்தால் அவர்களும் சமாதானமாவார்கள்.

எண்ணூர்த் தம்பியின் கேள்வி நல்ல சோதனை. சொல் நிற்கிறதா என்று பார்க்க அதைப் பத்தியில் போட்டு ஓட்டிப்பார்ப்பதுதான் வழி. வழிகாட்டிக்கு இதையே வரைவாக எடுத்துக்கொள்ளலாம்:

“உங்கள் வண்டி இரு சக்கரத்திலும் 3.25-19 சாய்நூல் டயரோடு வந்தது. அதே அளவு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அதற்கு நெருக்கமான மெட்ரிக் அளவு 90/90-19. பழைய அங்குல அளவில் டயரின் உயரம் ஏறத்தாழ அகலத்துக்குச் சமம், 3.25 அங்குலம் என்பது 82.5 மி.மீ. புதிய அளவில் 90 மி.மீ. அகலத்தில் 90 விழுக்காடு, அதாவது 81 மி.மீ. உயரம் அநேகமாக மாறவில்லை. வேகமானியும் பொய் சொல்லாது. 

ரேடியல் வேண்டாம். இந்தப் பழைய ரிம் ஒடுக்கமானது. இந்த 19 அங்குல விட்டத்தில் வரும் ரேடியல்கள் அகலமான ரிம்முக்காகச் செய்யப்பட்டவை. ஒடுக்கமான ரிம்மில் ஏற்றினால் விளிம்புகள் நெருக்கப்பட்டு முதுகு கூம்பிக்கொள்ளும், மட்கார்டிலும் உரசலாம். சாய்நூலின் பக்கச்சுவர் விறைப்பானது, பழைய வண்டியின் சட்டமும் ஷாக் அப்சார்பரும் அந்த விறைப்பைக் கணக்கில் வைத்தே அமைந்தவை. ரேடியலின் பலம் உயர்வேகத்தில் சூடேறாமை. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற வண்டிக்கு அந்தப் பலத்தால் பெரிய லாபமில்லை. ஒரு சக்கரத்தில் சாய்நூல், மறு சக்கரத்தில் ரேடியல் என்று, வண்டி செய்தவர்களே சொல்லாமல் கலக்காதீர்கள். இரண்டும் வளைவில் வெவ்வேறு விதமாக இழுக்கும்.

அளவுக்கு அடுத்து இரண்டிலக்கச் சுமை எண்ணும் ஒரு வேக எழுத்தும் இருக்கும். 57 என்றால் அந்த டயர் 230 கிலோ வரை தாங்கும். ‘எஸ்’ என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. பின்னால் ஒருவர், இரு பக்கமும் பை என்று போகிறவர்கள் வேக எழுத்தைவிடச் சுமை எண்ணைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். கையேட்டில் உள்ளதற்குக் குறையக் கூடாது.

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம் வார்த்த வாரம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். குறைவாக விற்பனையாகும் அளவு என்பதால் கடை மாடியில் கிடந்த சரக்கு உங்களிடம் வரலாம்; பில் போடும் முன் திருப்பிப் பாருங்கள்.”

தம்பி, உன் பின் டயர் நடுவில் மட்டும் மொட்டையானதற்குக் காரணம் நேர் சாலையும் சுமையும்தான். கொல்கத்தா நெடுஞ்சாலையில் வளைவு எங்கே இருக்கிறது? இரு சக்கர வண்டிக்குச் சட்டப்படி பட்டன் (டயரின் மேலுள்ள ரப்பர்க் கட்டிகள்) ஆழம் 0.8 மி.மீ. இருக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் சிறு மேடு ஒன்று வைத்திருப்பார்கள், தேய்ந்து அதோடு சமமானால் டயர் முடிந்தது. நடு தட்டையாகிவிட்ட டயர் வளைவில் படியிறங்குவது போல் திடுக்கென்று சாயும். ஆழம் மிச்சமிருந்தாலும் மலைச்சாலைக்கு முன் மாற்றிவிடு.

கழற்றும்போது டியூபையும் சேர்த்து மாற்று. கடற்கரை ஓரம் வண்டி நிறுத்துகிறவர்களின் ரிம் வெளியே பளபளத்தாலும் உள்ளே உப்புக் காற்றில் துருவேறியிருக்கும். கம்பிகளின் தலை டியூபைக் குத்தாமல் இருக்கச் சுற்றப்பட்ட ரப்பர் பட்டையையும் பார். ‘டியூப்லெஸ் போட்டால் பஞ்சரே இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதே. உன் ரிம்மில் கம்பித் துளைகள் வழியே காற்று போய்விடும். டியூப்லெஸ் டயர் வாங்கினாலும் உள்ளே டியூப் வைத்தாக வேண்டும். கன்டெய்னர் லாரிகள் உதிர்க்கும் இரும்புத் துணுக்குகள் எண்ணூர் விரைவுச் சாலையில் எப்படிக் கிடக்கும் என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புது டயரின் மேற்பரப்பு முதலில் வழுக்கும், முதல் 100 கிலோமீட்டருக்குச் சாய்க்காமல் போ.

மேற்கோளுக்குள் இருந்ததில் சாய்நூல் எங்கேயாவது இடறியதா என்று குழுவினர் சொல்லுங்கள். எனக்கு இடறவில்லை. ‘சுமை எண்’ணும் ‘வார்த்த வார’மும் போகிற போக்கில் வந்தவை, அவற்றையும் அடித்துத் திருத்தலாம்.

திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய நிறுவனம்தான் 1961இல் டயர் செய்ய வந்த எம்.ஆர்.எஃப். 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் ஆலையும் அதே ஊர். வண்டியும் டயரும் பக்கத்துப் பக்கத்தில் பிறந்த இடத்தில் இத்தனை ஆண்டு வேலை பார்த்தவர்களிடம் நாம் கேள்விப்படாத சொற்கள் இருக்கும். டயர் கட்டும் பிரிவில் இருந்த ஓய்வுபெற்றவர் யாரையாவது ராயபுரத்து நண்பர் சந்தித்தால், பீடு என்று அவர்கள் சொல்லும் விளிம்புக் கம்பிக்கு வேறு பெயர் உண்டா என்று கேட்டு எழுதவும். பீடு என்று தமிழில் எழுதினால் பெருமை என்றாகிறது. ‘பீடு வெட்டுப்பட்டால் டயரைத் தூக்கிப்போடுங்கள்’ என்ற வாக்கியத்தை இப்படியே அச்சுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.