9 இஞ்ச் தள்ளி வைத்தேன், 8 விழுந்தது: சார்ஜ் செல்லுமா செல்லாதா?

அங்குலத்தான்:
வணக்கம் நண்பர்களே. வார்ஹாமர் 40,000 (மேசைமேல் சிறு பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு), பத்தாம் பதிப்பு, மூன்றாவது ரவுண்டில் ஆரம்பித்த ஒரு வாக்குவாதம் ஆட்டம் முடிந்து ஒரு வாரமாகியும் எங்கள் இருவருக்கும் முடியவில்லை.

என் படை ஒன்று டீப் ஸ்ட்ரைக்கில், அதாவது ஆட்டத்தின் நடுவே வெளியிலிருந்து நேரே களத்தில், இறங்கியது. எதிரி மாடல்களிலிருந்து 9 இஞ்சுக்கு மேல் தள்ளி வைக்கவேண்டும், டேப் பிடித்துத்தான் வைத்தேன், நண்பரும் குனிந்து பார்த்துவிட்டு "9க்கு மேலதான் இருக்கு, சரி" என்றார். ஷூட்டிங் எல்லாம் முடிந்து சார்ஜுக்கு, அதாவது எதிரி மேல் பாய, இரண்டு பகடை உருட்டினால் (கூட்டுத்தொகை எத்தனையோ அத்தனை இஞ்ச் நகரலாம்) 5, 3. எட்டு, பத்தாது என்றார் அவர். நான் சும்மா டேப்பை வைத்துப் பார்த்தேன், பேஸுக்கும் பேஸுக்கும் (மாடல் நிற்கிற தட்டு) நடுவில் எட்டே முக்கால்தான் இருக்கிறது! எட்டு நகர்ந்தால் முக்கால் இஞ்ச் மிச்சம், 1 இஞ்சுக்குள் வந்தால் போதும், சார்ஜ் செல்லும் என்றேன். அப்படியென்றால் நீ வைத்ததே தப்பு, அந்தப் படை அங்கே நிற்கவே கூடாது என்றார். நீதானே சரி என்றாய் என்று நான். இப்படியே கால் மணி நேரம்.

கடைசியில் ஆளுக்கொரு பகடை போட்டோம், நான் ஜெயித்தேன், அந்த சார்ஜில் அவருடைய அப்ஜெக்டிவ் (பிடித்து வைத்தால் புள்ளி தரும் இடம்) போனது, ஆட்டமும் போனது. பகடை போட்டுத் தீர்ப்பது ரூல்புக்கே சொன்ன வழிதானே? 2017ல் வந்த எட்டாம் பதிப்பில் அதற்கு 'மிக முக்கியமான விதி' என்றே தலைப்பு. பிறகு ஏன் எனக்கே உறுத்துகிறது?

ஆறுமுகப் பகடை:
உறுத்தத்தான் செய்யும், ஏனென்றால் அந்த சார்ஜ் செல்லாது :)

"9க்கு மேல்" என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு வைத்தாயிற்று அல்லவா, அதற்கப்புறம் டேப் என்ன சொன்னாலும் தூரம் அதுதான். மேசை இடிபடும், சரிவில் பேஸ் வழுக்கும், பின்வரிசை ஆளை எடுக்கும்போது முன்வரிசை ஆள் மேல் முழங்கை படும். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, கால் இஞ்ச் நகர்ந்துவிடும், அவ்வளவுதான். 9க்கு மேல் இருக்கிற இடத்திலிருந்து 8 நகர்ந்தால் 1 இஞ்சுக்கு மேல் மிச்சம் நிற்கும், ஆக எட்டால் எட்டவே முடியாது. டீப் ஸ்ட்ரைக்கில் அந்த 9ஐ வைத்திருப்பதே அதற்காகத்தானே.

இன்னொன்று. இரண்டு பகடையில் 9ம் அதற்கு மேலும் விழ 36ல் 10 வாய்ப்பு, 28 சதவீதம். 8க்கு அதுவே 36ல் 15, அதாவது 42 சதவீதம். நீங்கள் கேட்டது வெறும் கால் இஞ்ச் இல்லை ஐயா, 14 சதவீதம், அதுவும் பகடை விழுந்ததைப் பார்த்த பிறகு. 12 விழுந்திருந்தால் டேப்பைக் கையில் எடுத்திருப்பீர்களா? அளக்க வேண்டியதை உருட்டுவதற்கு முன்னால் அளந்துகொள்ளுங்கள். உருட்டிய பிறகு அளந்தால் அளக்கிறவன் கண்ணும் பகடையோடு சேர்ந்துகொள்ளும்.

பெயிண்ட் காயாதவன்:
மேலே சொன்னது சரி, ஆனால் பகடை போட்டுத் தீர்ப்பதையே கேவலமாகப் பார்க்கவேண்டாம். நாங்கள் செஸ் கடிகாரம் வைத்து ஆடுகிறவர்கள், புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தால் ஐந்தாவது ரவுண்டைப் பார்க்கவே முடியாது. எங்கள் கணக்கு இரண்டு நிமிடம். அதற்குள் ரூல்புக்கிலோ எஃப்.ஏ.க்யூ என்கிற கேள்வி-பதில் தொகுப்பிலோ பதில் கிடைத்தால் சரி, இல்லையா, பகடையை உருட்டிவிட்டு மேலே போவோம், ஆட்டம் முடிந்ததும் நிதானமாகத் தேடி ஒரு நோட்டில் எழுதிக்கொள்வோம், அடுத்த ஆட்டத்திலிருந்து அதுதான் தீர்ப்பு.

தலைப்பை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் அங்குலத்தான். அந்த விதி முதலில் எதிராளியோடு பேசச் சொல்கிறது, இரண்டு பேருக்கும் நியாயமாகப் படுகிற வழியில் போகச் சொல்கிறது, ஒன்றுமே ஒத்துவராவிட்டால்தான் பகடை. எல்லாரும் கடைசி வரிக்குத் தாவிவிடுகிறார்கள். புத்தகத்தில் பதில் இருக்கிற கேள்விக்குப் பகடை போடுவது ரெண்டும் ரெண்டும் நாலா அஞ்சா என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது மாதிரி. அதில் ஜெயித்தாலும் அழுகுணி ஆட்டம்தான்.

அப்புறம், வாயைத் திறந்து சொல்லிவிட்டு நகர்த்துங்கள். "இவனை உன் டேங்க் கண்ணில் படாதபடி சுவருக்குப் பின்னால் வைக்கிறேன், சரியா?" என்று ஒரு வார்த்தை. எதிராளி சரி என்றுவிட்டால் பின்னால் அவன் பார்வைக்கோடு பார்க்கிற லேசர் லைட்டை எடுத்துக்கொண்டு வந்து பூட்ஸ் நுனி தெரிகிறது என்று சொல்ல முடியாது. நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் விதி புரியாததால் வந்ததே இல்லை, மனதுக்குள் நினைத்ததை வெளியே சொல்லாததால் வந்தவை.

பழைய தளபதி:
இளைஞர்களே, இதெல்லாம் இருநூறு வருடத் தலைவலி. 1824ல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் தன் க்ரீக்ஸ்ஷ்பீல் (வரைபடத்தில் ஆடும் போர் விளையாட்டு) விதிகளை வெளியிட்டபோதே நடுவில் ஒரு நடுவரை உட்கார வைத்துவிட்டார். ஆடுகிறவர்கள் கட்டளையை எழுதிக் கொடுப்பார்கள், வரைபடத்தில் கட்டைகளை நகர்த்துவது, பகடை உருட்டுவது, யார் கண்ணுக்கு என்ன தெரியும் என்று சொல்வது எல்லாம் நடுவர் பாடு. அதிலும் அட்டவணைகள் பெருத்துப்போய் ஆட்டம் நத்தையாக ஊர்ந்ததால், 1876ல் வெர்டி டு வெர்னுவா அட்டவணையையும் பகடையையும் ஓரமாக வைத்துவிட்டு நடுவரின் போர் அனுபவத்தையே தீர்ப்பாக்கினார். விதி கூடக்கூட வாக்குவாதம் குறையும் என்று அப்போதும் நினைத்தார்கள், இப்போதும் நினைக்கிறார்கள்.

நம்மிடம் நாட்டாமை இல்லை, ஆனால் பக்கத்து மேசையில் ஒரு மூன்றாவது ஆள் இருப்பார். அவரிடம் கேட்கும்போது எந்தப் படை யாருடையது என்று சொல்லாதீர்கள், கதை சொல்லாதீர்கள். "9க்கு மேல் என்று ஒத்துக்கொண்டு வைத்த படை, பிறகு அளந்தால் குறைகிறது, எந்தத் தூரம் செல்லும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொன்னதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அங்குலத்தான்:
12 விழுந்திருந்தால் டேப்பை எடுத்திருக்க மாட்டேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஆட்டத்தில் அவரும் ஒன்று செய்தார், அதையும் கேட்டுவிடுகிறேன். தாழ்ந்த சுவருக்குப் பின்னால் என் ஆள், முழுக்க மறைந்திருக்கிறான், தூக்கிப் பிடித்த ஈட்டி நுனி மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துச் சுட்டார்!

ஆறுமுகப் பகடை:
அது செல்லும், அவர் பக்கம்தான் நியாயம். பத்தாம் பதிப்பில் மாடலின் எந்தப் பகுதி தெரிந்தாலும் தெரிந்ததுதான், ஈட்டியும் சேர்த்தி. இன்ஃபினிட்டி மாதிரி ஆட்டங்களில் பேஸுக்கு மேல் ஓர் உருளை இருப்பதாக வைத்துக்கொண்டு பார்ப்பார்கள், அங்கே ஈட்டி கணக்கில் வராது. பிடிக்கவில்லை என்றால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் "கொடி, ஈட்டி, இறக்கை கணக்கில்லை" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அது சரி, ஈட்டியை அப்படித் தூக்கி ஒட்டச் சொன்னது யார்?

அங்குலத்தான்:
ஒட்டியது நான்தான், விடுங்கள். நண்பருக்கு இப்போதுதான் போன் போட்டேன். டீப் ஸ்ட்ரைக் வைத்தவுடன் எடுத்த படம் போனில் இருக்கிறது, அந்த சார்ஜிலிருந்து மறுபடி ஆடலாம் என்கிறார்.

பழைய தளபதி:
ஆடுங்கள். ஆனால் பகடையை மறுபடி உருட்டக்கூடாது, விழுந்தது எட்டுதான்.