கூலன்ட் டேங்கின் தையலில் கசிவு: ஒட்டுவதா, மாற்றுவதா?

கேள்வி:
வணக்கம். பத்து ஆண்டுகள் ஓடிய எனது டீசல் கார், சேலத்திலிருந்து ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தபோது, வெப்பமுள் வழக்கமான நடுக்கோட்டைத் தாண்டி நின்றது. மறுநாள் காலை பார்த்தால், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்) குறைந்தபட்சக் கோட்டுக்கும் இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. டேங்கின் இரு பாதிகளும் சேரும் தையல் நெடுக இளஞ்சிவப்புப் பொருக்குப் படிந்திருந்தது. எப்பாக்சி பசை பூசினால் போதும் என்கிறார் மெக்கானிக். போதுமா?

மறுமொழி 1:
பசை நிற்காது, ஐயா. உங்கள் டேங்கின் மூடியில் 1.1 அல்லது 1.4 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது வழிந்ததைப் பிடிக்கும் வெறும் புட்டி அன்று. வளிமண்டலத்துக்கு மேல் அத்தனை பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு ரேடியேட்டரோடு ஒரே சுற்றில் இயங்குவது. 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் 120 டிகிரியை ஒட்டியும் கொதிக்காமல் இருப்பது அந்த அழுத்தத்தால்தான். விரிசல் வழியே அது வெளியேறினால், கூலன்ட் நிறைய இருந்தாலும் மலையேற்றத்தில் கொதித்துவிடும். பல ஆண்டுகள் சூடேறி ஆறிய பிளாஸ்டிக், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும்.

டேங்கை நீங்களே மாற்றலாம். எஞ்சின் முழுதும் ஆறிய பிறகே மூடியைத் திறக்கவும். ஓஸ் (ரப்பர் குழாய்) இறுகிப் பிடித்திருந்தால் இழுக்காமல், முதலில் இடவலமாகத் திருகி இளக்கவும். இழுத்தால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மூக்கு உடைந்து செலவு இரட்டிக்கும். மூடியையும் புதிதாகவே போடுங்கள். சிந்தும் கூலன்ட் இனிக்கும் நஞ்சு. தெருநாய்கள் நக்குமுன் கழுவிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
டேங்கும் மூடியும் மாற்றிவிட்டேன். ஆனால் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வருகிறது. டேஷ்போர்டுக்குள் நீர் சலசலக்கும் ஒலியும் கேட்கிறது.

மறுமொழி 2:
உள்ளே காற்று அடைத்திருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓஸின் உயரமான இடத்தில் காற்றுத் திருகு இருந்தால் அதைச் சற்றே தளர்த்தி, குமிழியின்றி நீர் கசியும்வரை டேங்கில் ஊற்றி இறுக்குங்கள். பிறகு மூடியைப் போட்டு, ரேடியேட்டர் விசிறி இருமுறை ஓடி நிற்கும்வரை வெப்பமுள்ளைக் கவனித்தபடியே எஞ்சினை ஓடவிடுங்கள். ஆறியபின் குறைந்ததை, கையேடு சொல்லும் அதே வகைக் கூலன்டால் நிரப்புங்கள். அதன் பிறகும் டேங்கில் குமிழி ஓயாவிட்டால், எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
திருகைத் தளர்த்தியதும் உஸ்ஸென்று காற்று வெளியேறியது. ஆறியபின் ஏறத்தாழ 300 மில்லி உள்ளே போயிற்று. இப்போது ஹீட்டர் சுடுகிறது, குமிழியும் இல்லை. மிக்க நன்றி.