இந்த ஓடில்லாத நத்தை எந்த இனம்?

வணக்கம். கடலூர்ப் பக்கம் எங்கள் கீரைப் பாத்தியில், மழை விட்ட ராத்திரிகளில் ஓடே இல்லாத நத்தைகள் மேய்கின்றன. படங்கள் இணைத்திருக்கிறேன். தட்டையான கருத்த உடம்பு, சொரசொரப்பான தோல், முதுகு நடுவே வெளிர் கோடு. பக்கவாட்டில் மூச்சுத்துளை இல்லை.

லேவிகாலிஸ் ஆல்டே என்று நினைக்கிறேன். 1822இல் ஃபெருசாக் என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் அதற்குப் பெயரிட்டது புதுச்சேரி மாதிரியை வைத்துத்தான். ஆனால் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆசியாவைச் சேர்ந்த செம்பெருலா என்ற ஓடில்லா நத்தை வகையும் கிட்டத்தட்ட இதே தோற்றம்தான், அங்கேதான் குழப்பம். அறுத்து உள்ளுறுப்புகளைப் பார்க்காமல், பாதத்தின் அகலத்தை வைத்தே பிரிக்க முடியுமா? அடிப்பக்கப் படமும் போட்டிருக்கிறேன்.

இந்த மண்ணின் உயிர் என்றால் உப்புப் போட்டுக் கொல்ல எனக்கு மனம் வராது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.