மண்டித் தெருவில் சந்தித்த பெரியவரும் ஒன்பது மணிப் பூட்டும்

உறவினர் ஒருவருக்கு மருத்துவமனையில் துணையிருந்துவிட்டு, போன மார்கழியில் ஓர் இரவு பதினொரு மணிக்கு வேலூர் மண்டித் தெரு வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். மூடிய கடையொன்றின் படியில், இரண்டு கோணிகளை விரித்து, மூட்டை தூக்கும் கொக்கியைத் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் படுத்திருந்தார். பனி கடுமையாக இருந்தது. வீடற்றோருக்கு அரசு இல்லம் இருக்கிறதே, அங்கே போகக்கூடாதா என்று கேட்டேன்.

"ரெண்டு மணிக்கு மார்க்கெட்டுக்கு லாரி வரும் சார். ஒன்பது மணிக்குக் கதவப் பூட்டுற எடத்துல படுத்தா, மறுநாள் கூலிக்கு நான் எங்க போறது?" என்றார்.

அதுவரை, இடம் கொடுத்தால் போதும், மக்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலைத் தேடிப் படித்தபோது, ஒரு லட்சம் நகர மக்களுக்கு நூறு பேர் தங்கும் இல்லம் வேண்டும், ஆளுக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என்பதோடு, அந்த இல்லம் நாள் முழுவதும், எல்லாப் பருவத்திலும் திறந்திருக்க வேண்டும் என்றும் தெளிவாக எழுதியிருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேரை வீடற்றோர் என்று பதிவு செய்தது. அவர்களில் இரவில் உழைப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

மறுவாரம் பெரியவரை அழைத்துக்கொண்டு நகரிலுள்ள ஓர் இல்லத்துக்குச் சென்றேன். ஆதார் இல்லாமல் சேர்க்க முடியாது என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். இருப்பிடமே இல்லாதவரிடம் முகவரிச் சான்று கேட்பது எனக்கு மிகுந்த வேதனையளித்தது. வழிகாட்டுதலின் நகலோடு மறுநாளும் போனேன். பொறுப்பாளர் பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு, பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அடையாள அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்க உதவுவது இல்லத்தின் கடமைகளில் ஒன்று என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். கதவு விஷயத்தில் காவலாளியின் மனம்தான் பெரிது. ஒன்றே முக்காலுக்குத் தானே எழுப்பிவிடுவதாக ஒப்புக்கொண்டு, கொக்கியை மாட்ட வாசலருகே ஓர் ஆணியும் அடித்துக் கொடுத்தார். பெரியவர் அந்த ஆணியை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போய்ப் படுத்தார்.

அவருக்குப் பக்கத்துப் படியில் படுத்திருந்த கணவன் மனைவியையும் அழைத்தேன். அந்த இல்லம் ஆண்களுக்கு மட்டுமானது. "அவர விட்டுட்டு நான் தனியா எங்கண்ணா போவேன்?" என்றார் அந்தப் பெண். குடும்பமாகத் தங்க இடம் கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இருவரும் இன்னும் அதே கடைப் படியில்தான் படுக்கிறார்கள்.