புவெரீலிஸ்: ஒரு சொல்லை நான் தவறாகப் படித்த கதை

இலத்தீன் படிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், உரோமக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் காவியத்தின் ஐந்தாம் காண்டத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, 'புவெரீலெ அக்மென்' என்ற தொடரைச் 'சிறுபிள்ளைத்தனமான படை' என்று எழுதி ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் அந்த வரியில் விரலை வைத்து, "தம்பி, தாத்தாவின் நினைவு விழாவில் பேரனும் அவன் தோழர்களும் குதிரையேறி அணிவகுத்து வருகிறார்கள், பார்த்து நிற்பவர்கள் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் முன்னோர் சாயலைக் கண்டு மகிழ்கிறார்கள். இதில் சிறுபிள்ளைத்தனம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். 'சிறுவர் அணி' என்று திருத்தி எழுதினேன்.

'புவெர்' என்றால் சிறுவன். அதனுடன் 'ஈலிஸ்' விகுதி சேர்ந்தால் 'புவெரீலிஸ்'; நான் தவறாகப் படித்த 'புவெரீலெ' அதன் ஒரு வடிவம். அந்த விகுதி 'உரிய' என்ற பொருளை மட்டுமே தருகிறது. ஆணுக்குரியதை 'விரீலிஸ்' என்றும் முதியவருக்குரியதை 'செனீலிஸ்' என்றும் சொல்வதும் இப்படித்தான். பழிப்பு விகுதியில் இல்லை, சொல் போய் அமரும் இடத்தில் இருக்கிறது. கி.மு. 166இல் அரங்கேறிய, உரோம நாடகாசிரியர் டெரன்ஸின் 'ஆந்திரியா' நாடகத்தில், மகனுக்கு என்ன வருத்தம் என்று எசமான் கேட்க, அடிமை 'புவெரீலெஸ்ட்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறான். 'அது சின்னப்பிள்ளை சமாச்சாரம்' என்று நாமும் அதே தொனியில் சொல்வோம்.

என்னை மிகவும் பாதித்தது உரோமத் தத்துவ அறிஞர் செனெக்கா தம் நண்பர் லூகீலியுஸுக்கு எழுதிய நான்காம் கடிதம். உரோமச் சிறுவன் கரையிட்ட மேலாடையைக் களைந்து ஆடவருக்குரிய ஆடையை அணிந்த நாளின் மகிழ்ச்சியை நினைவூட்டி, 'புவெரீலிஸ்' ஆன மனத்தையும் களையும்போது அதைவிடப் பெரிய மகிழ்ச்சி காத்திருக்கிறது என்கிறார். பிறகு, நம்மிடம் எஞ்சியிருப்பது 'புவெரிட்டியா' அன்று, அதைவிடக் கொடிய 'புவெரீலிடாஸ்' என்கிறார். இந்த இடத்தில் எனக்கு அகராதி தேவைப்படவில்லை, ஏனெனில் பிள்ளைப்பருவம், பிள்ளைத்தனம் என்ற இரண்டு சொற்களும் தமிழில் ஆயத்தமாக இருந்தன. சிறுவர் அற்பமானவற்றுக்கு அஞ்சுகிறார்கள், குழந்தைகள் பொய்யானவற்றுக்கு அஞ்சுகின்றன, நாமோ இரண்டுக்கும் அஞ்சுகிறோம் என்று அவர் தொடர்வதைப் படித்த இரவில், ஐம்பது வயதிலும் நான் சுமந்துகொண்டிருக்கும் அச்சங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

* * *

ஐயா, 'புவெரீலிஸ்' பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த வாசகன் எழுதுகிறேன். உங்கள் ஆசிரியர் கேட்ட கேள்வியை என்னிடம் ஒரு நோயாளியின் மகன் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார். நான் மருத்துவப் பயிற்சியில் இருந்த காலம் அது. குழந்தைகளின் மார்புச் சுவர் மெல்லியதாக இருப்பதால் அவர்களுடைய மூச்சொலி ஸ்டெதாஸ்கோப்பில் உரக்கக் கேட்கும். ஒரு நுரையீரல் செயல் குன்றிய பெரியவருக்கும், ஈடுகட்ட உழைக்கும் மற்ற நுரையீரலில் அதே ஒலி கேட்பதுண்டு. இந்த இலத்தீன் சொல்லின் ஆங்கில வடிவமான 'ப்யூரைல்' என்பதே பழைய மருத்துவ நூல்களில் அந்த ஒலிக்குப் பெயர். வலப்பக்க நெஞ்சில் நீர் கோத்திருந்த முதியவர் ஒருவரின் குறிப்பேட்டில் அச்சொல்லை எழுதியிருந்தேன். அவருடைய மகன் அதைப் படித்து முகம் சிவந்து, "எங்கள் அப்பாவைச் சிறுபிள்ளைத்தனமானவர் என்றா எழுதியிருக்கிறீர்கள்?" என்றார். குழந்தைகளுக்குரிய மூச்சொலி என்று விளக்கியும் அவர் சமாதானம் ஆகவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை அவர் காதில் மாட்டி, அவருடைய தந்தையின் இடப்பக்க மார்பில் வைத்து, கேட்கச் சொன்னேன்.