பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த கதை: கலை அமைப்புகள் தரவு பகிர்ந்த அனுபவங்கள்

சீட்டுப் பதிவில் இருப்பவர்:

நாங்கள் ஐந்து கலை அமைப்புகள். இரண்டு நாடகக் குழு, ஓர் இசை அரங்கு, ஒரு நடனப் பள்ளி, ஒரு சிறிய காட்சிக்கூடம். எல்லோருக்கும் ஒரே கவலைதான். திரும்பத் திரும்ப அதே ஆட்கள்தான் வருகிறார்களா? ஒரே நாளில் இரண்டு பேர் நிகழ்ச்சி வைத்தால் கூட்டம் பிரிந்துவிடுகிறதா? அவரவர் பட்டியலை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சரி, சேர்ந்தே பார்ப்போம் என்று முடிவாயிற்று. தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் வாரமே 'புதிய பார்வையாளர்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டோம். ஒரு குழுவுக்குப் புது மின்னஞ்சல் முகவரி வந்தாலே அவர் புதியவர். இன்னொரு குழு, இரண்டு வருடம் வராமல் இருந்து திரும்பியவரையும் புதியவர் கணக்கில் சேர்த்திருந்தது. இசை அரங்கில் ஒருவர் நான்கு சீட்டு வாங்கினால் நான்கு பேர். காட்சிக்கூடத்தில் வாங்கியவர் ஒருவர் மட்டும். அப்படியே கூட்டினால் பெரிய எண் ஒன்று வரும். எதைக் கூட்டி வந்த எண் என்று கேட்டால்தான் பதில் இருக்காது. மூன்று கூட்டம் நடத்தி ஆள், சீட்டு, வருகை, புதியவர் என்ற நான்கு சொற்களுக்கு மட்டும் பொருள் எழுதினோம். ஒரே ஒரு தாள். முழு வேலையிலும் அதிக நேரம் பிடித்தது அதுதான்.

அப்புறம் நடந்ததை இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ஒரு குழு தன் கோப்பை முழுசாக அனுப்பியிருந்தது. கடைசி நெடுவரிசையின் தலைப்பு 'குறிப்பு'. திறந்து பார்த்தேன். "சக்கர நாற்காலி, ஓர இருக்கை." "காது சரியாகக் கேட்காது, முன்வரிசை." அதற்குக் கீழே, "கணவர் போன மாதம் தவறிவிட்டார். இனி ஒரு சீட்டு போதும். இரண்டு பேர் பெயரில் அழைப்பு அனுப்ப வேண்டாம்." சீட்டு கொடுக்கும் இடத்தில் இருந்த யாரோ அக்கறையோடு எழுதி வைத்தது அது. அந்த அம்மா அந்தக் குழுவை நம்பித்தான் சொல்லியிருக்கிறார். மற்ற நான்கு அமைப்புகளிடம் அவர் எதையும் சொல்லவில்லையே. கோப்பை அழித்துவிட்டு, அனுப்பியவரைக் கூப்பிட்டுப் பேசினேன். அன்றைக்கே விதி மாறியது: முழுக் கோப்பு யாரும் அனுப்பக் கூடாது, கேட்ட நெடுவரிசைகள் மட்டும்தான்.

பெயரை எடுத்துவிட்டால் போதுமே என்று பலர் கேட்பார்கள். போதாது. அமெரிக்காவின் 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றும் தெரிந்தால் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி 2000-இல் காட்டினார். எங்கள் பட்டியல்களில் அந்த மூன்றுமே இருந்தன! பிறந்த தேதியை வயதுப் பிரிவாக மாற்றினோம், அஞ்சல் குறியீட்டின் கடைசி இலக்கங்களை வெட்டினோம். ஐந்து பேருக்குக் குறைவாக வரும் எந்தக் கட்டத்தையும் அறிக்கையில் காட்டுவதில்லை. ஒரே ஆள் எந்தெந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று ஒப்பிடத் தேவையான தொலைபேசி எண்ணை வெறுமனே ஹாஷ் செய்தாலும், அதாவது ஒரு கணக்கு முறையால் புரியாத எழுத்துக் கோவையாக மாற்றினாலும், பயனில்லை. பத்து இலக்க எண்கள் மொத்தமே ஆயிரம் கோடிதான். ஒரு சாதாரணக் கணினி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். அதனால் ஐந்து அமைப்புகளுக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவியைச் சேர்த்து மாற்றினோம். ஒப்பிட்டுப் பார்த்தவரிடம் அந்தச் சாவி கிடையாது.

முடிவு எங்களையே அசத்திவிட்டது. ஐந்து பட்டியலிலும் இருந்தவர்கள் ஒரு சின்ன ஒத்திகை அறைக்குள் அடங்கிவிடுவார்கள். இத்தனை வருடம் ஒருவர் கூட்டத்தை இன்னொருவர் இழுக்கிறார் என்று மனத்தாங்கலோடு இருந்தோமே!

காப்பகத்தில் வேலை பார்ப்பவர்:

உங்கள் 'புதியவர்' கதை எங்களிடம் 'தேதி' கதை. மூன்று சேகரிப்புகளின் பதிவுகளை ஒரே தேடலில் கொண்டுவர, ஒரு பொருளின் விவரங்களைப் பொதுவான கட்டங்களில் எழுதும் டப்ளின் கோர் முறையை எடுத்துக்கொண்டோம். 1995-இல் தொடங்கிய முயற்சி, அடிப்படையில் 15 கூறுகள்தான், பார்க்க எளிது. ஆனால் 'தேதி' என்ற கட்டத்தில் ஒருவர் சிலை செய்த ஆண்டை எழுதியிருந்தார், ஒருவர் அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டை, இன்னொருவர் படம் எடுத்த நாளை. பழைய வெண்கலச் சிலை ஒன்று 2011-இல் செய்தது என்று தேடலில் வந்தது. கலைஞர் பெயரிலும் அதே கதை. ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல். கடைசியில் பெயரை அவரவர் விருப்பப்படி விட்டுவிட்டு, பக்கத்தில் விக்கித்தரவு எண்ணைச் சேர்த்தோம்; விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளம் ஒவ்வோர் ஆளுக்கும் பொருளுக்கும் கொடுக்கும் தனி எண் அது. பொறுமையாக ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியிருந்தது, ஆனால் அது நிலைத்து நின்றது.

தொழில்நுட்பத்தைவிடப் பயம்தான் பெரிய தடை. பதிவுகளை வெளியே விட்டால் நம்மைத் தேடி யார் வருவார்கள் என்று மூத்தவர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான், அந்தப் பதிவுகளை எழுதத் தங்கள் வேலைக் காலம் முழுவதையும் கொடுத்தவர்கள் அவர்கள். ஐரோப்பிய அருங்காட்சியகங்கள், நூலகங்கள், காப்பகங்களின் சேகரிப்புகளை ஒரே இணையதளத்தில் காட்டும் யூரோப்பியானா 2012 செப்டம்பரில் 2 கோடிக்கும் மேற்பட்ட பண்பாட்டுப் பொருள்களின் விவரப் பதிவுகளை எந்த உரிமைக் கட்டுப்பாடும் இல்லாமல் திறந்துவிட்டதை எடுத்துச் சொன்னேன். அதுவும் விவரப் பதிவுகள் மட்டும்தான், படங்களின் உரிமை தனி. அந்த வித்தியாசம் புரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

சிறிய நடனக் குழுவிலிருந்து:

எங்கள் அனுபவம் கசப்பானது. ஒரு பெரிய அமைப்பு கேட்டதென்று மூன்று வருடக் கணக்கை ராத்திரி பகலாக உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தோம். திரும்பி ஒரு வரி வரவில்லை. பிறகு வேறொரு கூட்டணியில் சேரும்போது இரண்டு நிபந்தனை வைத்தோம்: அறிக்கை வெளியே போவதற்கு முன் தரவு கொடுத்தவர்கள் பார்க்க வேண்டும், விலக நினைத்தால் எங்கள் பங்கை நீக்கிவிட வேண்டும். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். முன்பே கேட்டிருக்கலாம்.

சீட்டுப் பதிவில் இருப்பவர்:

இந்த இரண்டையும் நாங்கள் எழுதி வைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்த நான்கு சொல் தாளுக்குக் கீழே சேர்த்துவிட்டு, நடனப் பள்ளியிலிருந்து வருபவரிடம்தான் முதலில் காட்டப் போகிறேன். எங்களில் சிறியவர்கள் அவர்கள்தான்.