கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப் மாற்றியதும் பேஸ் (தாழ்ந்த) ஒலியே காணோம், உதவி தேவை

நாலுகம்பி:
ஜாஸ் பேஸ் வகைக் கிட்டார். அதில் இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்). பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கத்துப் பிக்கப் உப்புச்சப்பில்லாமல் இருந்ததால், அதை மட்டும் கழற்றிவிட்டு வேறு கம்பெனி அல்னிகோ (ஒருவகைக் காந்த உலோகம்) பிக்கப் போட்டேன். நெக் (கழுத்து) பக்கம் பழையதே. தனித்தனியாக வாசித்தால் இரண்டும் அருமை. இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால்தான் வினை. கீழ்ஸ்தாயி காணாமல் போய், டப்பா ரேடியோ மாதிரி மூக்கால் பாடுகிறது. சால்டரிங்கை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். வால்யூமின் 250 கிலோ ஓம் பொட்டை (திருகும் மின்தடையை) மாற்ற வேண்டுமா?

பழைய ஆம்ப்:
பொட்டைத் தொடாதீர்கள். அதில் கோளாறு என்றால் தனியாக வாசிக்கும்போதே தெரிந்திருக்கும். இரண்டு பிக்கப்பும் எதிர் ஃபேஸில் இருக்கின்றன. ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கி, ஒன்றையொன்று கழிக்கிறது. தாழ்ந்த ஸ்வரத்தின் நீண்ட அலைக்கு இரண்டு பிக்கப்பும் ஏறக்குறைய ஒரே இடம்தான், அதனால் பேஸ்தான் முதலில் அடிபடும். புதியதன் ஹாட் (சிக்னல்) ஒயரையும் கிரவுண்ட் ஒயரையும் இடம் மாற்றிச் சால்டர் செய்யுங்கள். பிக்கப்பைச் சுற்றிய செப்புத் தகடு கிரவுண்ட் ஒயரோடு இணைந்திருந்தால் முதலில் அதைப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தகடு ஹாட் ஆகி இரைச்சல் கூடும்.

நாலுகம்பி:
தகடு எதுவும் இல்லை. மாற்றினேன், பேஸ் திரும்பிவிட்டது! ஆனால் புதுத் தலைவலி. முன்பு இரண்டும் திறந்திருந்தால் இரைச்சலே இருக்காது. இப்போது அப்படித் திறந்தாலும் ஹம் (மின்சார ரீங்காரம்).

சால்டர் பித்தன்:
"முன்பு இரைச்சலே இருக்காது" என்றீர்களே, அதுதான் துப்பு. ஹம் எந்தப் பக்கம் சாயும் என்பது சுருளின் திசையைப் பொறுத்தது. கம்பியின் ஒலியோ சுருள், காந்தம் இரண்டையும் பொறுத்தது. இந்த வகைக் கிட்டாரில் சுருளும் எதிரெதிராக இருக்க வேண்டும், காந்தமும் எதிரெதிராக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒலி கூடும், ஹம் கழியும். உங்களிடம் சுருள் எதிர், ஆனால் காந்தம் ஒரே பக்கம் போலிருக்கிறது. ஒயரை மாற்றியதில் ஒலி சரியாயிற்று, ஹம் சேர்ந்துகொண்டது. காம்பஸை இரண்டின் மேலும் காட்டிப் பாருங்கள். ரொம்பக் கிட்டே வேண்டாம், காம்பஸ் கெட்டுவிடும்.

நாலுகம்பி:
இரண்டிலும் முள்ளின் ஒரே முனைதான் இழுபடுகிறது. பழைய நெக் பிக்கப்பின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கிறது.

சால்டர் பித்தன்:
தப்பித்தீர்கள், அந்தப் பட்டை செராமிக் காந்தம். ஹேர் டிரையரால் பசையை இளக்கிப் பட்டையைக் கழற்றி, குப்புறப் புரட்டி ஒட்டுங்கள், காந்தம் எதிர்ப்பக்கமாகிவிடும். புதியதில் கை வைக்காதீர்கள். அதில் சுருளுக்குள் நிற்கும் குச்சிகளே காந்தம். தள்ளப் போனால் சுருளின் கம்பி அறுந்துவிடும், முடியைவிட மெல்லியது. அப்புறம் பிரிட்ஜ் ஒயரைப் பழையபடி திருப்புங்கள். மறந்தால் டப்பா ரேடியோ ஒலியும் ஹம்மும் சேர்ந்தே வரும்.

பழைய ஆம்ப்:
சரிதான், நான் காந்தத்தை யோசிக்கவே இல்லை. 1957-க்குப் பிந்தைய பிரிசிஷன் பேஸ் (இன்னொரு வகை பேஸ் கிட்டார்) வாசிப்பவன் நான். அதில் பிக்கப்பே இரண்டு பாதியாகப் பிரிந்து தனக்குள்ளேயே ஹம்மைக் கழித்துக்கொள்ளும்.

நாலுகம்பி:
செய்தாயிற்று. இரண்டும் முழுக்கத் திறந்தால் அமைதி, பேஸும் இருக்கிறது. ஒரு வால்யூமைக் குறைத்தால் மட்டும் ஹம் எட்டிப் பார்க்கிறது.

சால்டர் பித்தன்:
அது இருக்கும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் முழுசாகக் கழியாது. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் அப்படித்தான்.